நாலு மரத்துக்கு ஒரு மூச்சு

போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெருமாட்டியில் எங்கள் தென்னந்தோப்பு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கிருஷி பவனிலிருந்து ஆபீசர். கேரளத்தில் வேளாண்மை ஆபீசுக்கு அதுதான் பெயர். இளம் பெண், முப்பது வயதுக்குள்தான் இருப்பார். நான் கூப்பிடவில்லை, மனுவும் கொடுக்கவில்லை.

உங்கள் தோப்பில் வேர் வாடல் நோய் என்று தகவல் வந்திருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தென்னை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சோறு இறங்காது. ஓலை தளரும், மஞ்சளடிக்கும், காய்ப்பு குறையும். ஒரு தோப்பில் வந்தால் பக்கத்துத் தோப்பும் தப்பாது. என் மரங்களுக்கு இவ்வளவு பெரிய வியாதி, எனக்கே தெரியாமலா?

ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே பக்கத்துத் தோப்பு ராமசாமி அண்ணன் வந்தார். தகவல் கொடுத்தவர் அவர்தான். முகத்தில் அவ்வளவு அக்கறை. கூடவே இன்னும் இரண்டு பேர், சும்மா பார்க்க.

இந்த நோயை என் தோப்புக்குக் கொண்டுவந்தவன் நான்தான். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வாரம் முன்னால் பத்திரிகையில் இதே இடத்தில், ‘கோவிட்டிலிருந்து பூரண குணம் அடைந்துவிட்டேன், விசாரித்த அனைவருக்கும் நன்றி’ என்று எழுதினேன் அல்லவா?

பொய். நன்றி மட்டும் நிஜம்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வயது முப்பத்தாறு. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. தினமும் காலையில் ஓட்டம். அந்த ஓட்டத்தின் பெருமையை மூன்று வாரம் தொடர்ந்து எழுதி உங்கள் கழுத்தை அறுத்தேன். ‘ஓடுகிறவனை நோய் துரத்திப் பிடிக்க முடியாது’ என்றுகூட ஒரு வரி. வாசகர் ஒருவர் அதை வெட்டி பிரிட்ஜில் ஒட்டிவைத்திருப்பதாக எழுதியிருந்தார். அய்யா, தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

காய்ச்சல் வந்தபோது சிரித்தேன். சுகாதாரத் துறையின் ஆஷா ஒர்க்கர் தினமும் போன் பண்ணி மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்பார். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கறனுங்க’ என்பேன். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் முதலில் நல்லா இருக்கறனுங்க என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்போம். கால் உடைந்து கட்டுப் போட்டிருப்பவனும் அதையேதான் சொல்வான்.

ஆறாம் நாள் ஆக்ஸிமீட்டர் எண்பத்தெட்டு காட்டியது. பேட்டரி போய்விட்டது என்றேன். புது பேட்டரி போட்டோம். எண்பத்தேழு. விரல் சில்லிட்டுக் கிடக்கிறது என்று பரபரவென்று தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினேன். என் மனைவி செல்வி அதைக் கழற்றி தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு.

“மெசின் நல்லாத்தான் இருக்குதுங்க,” என்றாள்.

பாலக்காட்டில் பதினோரு நாள் ஆக்ஸிஜன். குப்புறப் படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். ஓட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் எழுபது வயதுக்காரர், பீடி குடித்து வளர்ந்த உடம்பு. எனக்கு முன்னாலேயே டிஸ்சார்ஜ் ஆகி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போனார். போகும்போது எனக்கு தைரியம் வேறு சொன்னார். எதிர்க் கட்டிலில் என் வயசுக்காரன் ஒருவன் இருந்தான். ஒருநாள் மத்தியானம் கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து இப்போது மூன்று மாதம். டாக்டர் மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து கிணற்றடி மோட்டார் ரூம் வரைக்கும் ஒரே வரிசையில் நாற்பத்திரண்டு தென்னை. முன்பெல்லாம் அது எனக்கு ஒரு தூரமே இல்லை, ஓடுவதற்கு முன்னால் கால் உதறிக்கொள்ளும் இடம். இப்போது? சில மரம் தாண்டுவதற்குள் நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். நின்றே ஆக வேண்டும்.

நிற்பதில்தான் சிக்கல். எங்கள் பக்கம் ஒரு ஆண்பிள்ளை வழியில் காரணமில்லாமல் நிற்க முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர் யாரானாலும், ‘ஏனுங்க, சும்மா நின்னுட்டீங்க?’ என்று விசாரிக்காமல் போகமாட்டார். அதற்குப் பதிலாக மூச்சு வாங்குது என்று சொல்வதா? ஓட்டத்துக்குப் பெயர் போனவன்?

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மூச்சு முட்டும் இடத்தில் நின்று, பக்கத்து மரத்தை அண்ணாந்து பார்ப்பேன். நெற்றியில் கை வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி... நிபுணர் மாதிரி. மரத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். மூச்சு திரும்பி வரும்வரைக்கும் ‘ம்...’ என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். வந்ததும் அடுத்த மரங்களை நோக்கிக் கிளம்பிவிடுவேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? படித்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து தினமும் மரத்தைப் பார்த்துப் பார்த்து முகம் வாடுகிறான் என்றால் என்ன அர்த்தம்? தோப்பில் என்னவோ வந்துவிட்டது, வெளியே சொல்லாமல் மறைக்கிறான். ராமசாமி அண்ணன் ஒரு வாரம் வேலியோரம் நின்று கவனித்திருக்கிறார். அப்புறம் கிருஷி பவனுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் இருநூறு மரம் இருக்கிறது.

ஆபீசர் எந்தெந்த மரம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வாசித்தார். நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது, பதினாறாவது.

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். மூணு மூணு மரமாக விட்டுவிட்டு எண்ணிக்கொண்டு வரும் நோயை அவர் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை போலிருக்கிறது. சரி, பார்க்கலாம் என்று விறுவிறுவென்று நடந்தார். நாலாவது மரத்தில் ஓலையைப் பார்த்தார், ஒன்றுமில்லை. எட்டாவது, ஒன்றுமில்லை. நான் அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூடவே போனேன். இத்தனை பேர் முன்னால் பின்தங்கினால் நன்றாகவா இருக்கும்?

பன்னிரண்டாவது மரத்தில் காற்று தீர்ந்துவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதப் பழக்கம், தலை தானாக அண்ணாந்துவிட்டது. நான் பார்க்கிறேன் என்று ஆபீசரும் அண்ணாந்தார். ராமசாமி அண்ணனும் பார்த்தார். அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். ஐந்து பேர் ஒரு மரத்தடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்... மரம் பாவம், குலை குலையாகக் காய்த்து ஆரோக்கியமாக நிற்கிறது.

இதற்குமேல் என்ன நடிப்பது? என் மானத்தைக் காப்பாற்றப் போய், நல்ல மரங்களுக்கு நோயாளிப் பட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மரத்துக்கு ஒண்ணுமில்லீங்க,” என்றேன். “எனக்குத்தான் மூச்சு வாங்குது. மூணு மாசமா அதுக்குத்தான் நிக்கறன்.”

செல்வியிடம்கூட நான் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். நான் இனிமேல் இவ்வளவுதானோ, இந்த நாற்பத்திரண்டு மரத்தை ஒரே மூச்சில் கடக்கவே மாட்டேனோ என்ற பயம். அதை மறைக்கத்தான் இத்தனை மர ஆராய்ச்சியும்.

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஆபீசர் சிரிக்கவில்லை.

“எனக்கும் வந்தது சாரே,” என்றார், மலையாளம் கலந்த தமிழில். “ஞான் ஆபீஸ் மாடிப்படியில பாதியில நின்னு போனைப் பாக்கும். போன்ல ஒண்ணும் இருக்காது.”

அப்போதுதான் தலைக்கு மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. பதினான்காவது மரத்தின் உச்சியில் சுந்தரன். எங்கள் தோப்பில் கள் இறக்குபவன், சித்தூர் ஸ்கூலில் என்னோடு படித்தவன். அவனுக்கும் கோவிட் வந்தது. இரண்டு நாள் ரசம் குடித்தான், மூன்றாம் நாள் மரம் ஏறினான். அந்த விஷயத்தில் அவன்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

“ஏப்பா, வந்த புதுசுல ரெண்டு மரத்துக்கு ஒருக்கா நின்னுட்டிருந்தே,” என்றான். “இப்ப நாலு மரத்துக்கு ஒருக்காத்தானே நிக்கறே. மேல இருக்கறவனுக்குத் தெரியாதா?”

இரண்டு, நாலு ஆகியிருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. நடிப்பதில் மும்முரமாக இருந்தவன் எங்கே எண்ணியிருக்கப் போகிறேன்? குணமாகிவிட்டேன் என்று ஊருக்கே கதை விட்டுக்கொண்டிருந்தவனுக்கு, உண்மையில் குணமாகிக்கொண்டிருப்பது மட்டும் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். பழக்கம் உடனே போய்விடுமா என்ன?

ஆபீசர் நோய் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டார். செல்வி போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ராமசாமி அண்ணன் துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

நேற்று காலை ஆறாவது மரத்தில் நின்றேன். நான் எண்ணித்தான் நடந்தேன், ஆறாவதேதான். அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“ஏந்தம்பி, மரமா, மூச்சா?”

“மூச்சுதானுங்கண்ணா,” என்றேன். அவர் மாட்டை விட்டுவிட்டு, நான் மறுபடி கிளம்பும்வரை வேலியோரம் வந்து நின்றார்.