எல்லோரும் என்றால் யார் யார்?

அக்காவின் காதில் 'எல்லோரும்' என்ற சொல் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும்னா யாரு யாரு?" என்று கேட்பாள். தெருவில் எல்லோரும் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்கள் என்று பால்காரர் அலுத்துக்கொண்டாலும் கேட்பாள். விருந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டாயிற்று என்று யாராவது சொன்னாலும் கேட்பாள். கேட்டதோடு விடாமல் பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பாள். பாத்திரம் கழுவுகிறவர் பசியோடு இருப்பார்.

சட்டக் கல்லூரியில் அவள் நடத்துவது அரசியலமைப்பில் சமத்துவம் பற்றிய பாடம். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'யாருயாரம்மா'.

இந்தக் கேள்வி அவளிடம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அதே வீட்டில் இருக்கும் அவள் தங்கைக்கு வெகுநாளாகக் குறுகுறுப்பு. தங்கை எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். முன்னறையில் துணி தைக்கிறாள். அக்கா ஃபோனில் பேசுவதெல்லாம் தையல் மிஷின் சத்தத்தின் ஊடே காதில் விழும். ஒரு சட்டத்தைப் பிரித்து, அதில் விட்டுப்போன ஆள் யார் என்று தேடுவதுதான் அக்காவின் வேலை என்று அவளாகவே புரிந்துகொண்டிருந்தாள். கைக்கு அளவெடுக்காமல் சட்டை தைத்துவிட்டால் எந்த இடத்தில் பிடிக்கும் என்று பார்ப்பது போல.

அந்தக் கல்லூரியில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் இருந்தது. ஊழியர்கள் எல்லோருடைய பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்பது விதி. ஆனால் வகுப்பறைகளைப் பெருக்கும் பெண் தன் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குச் சம்பளம் தருவது ஒப்பந்தக்காரர். ஆகவே அவள் ஊழியர் இல்லையாம். பிள்ளையை விட இடமில்லையென்றால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

அவள் பெருக்குகிற தரை கல்லூரியுடையதா, ஒப்பந்தக்காரருடையதா என்று அக்கா முதல்வரிடம் போய்க் கேட்டாள். நிர்வாகக் குழுவில் பேசலாம் என்று அவர் நழுவினார். குழு கூடுகிற வழியைக் காணோம். வேலை நேரத்தில் பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று தாயிடம் சொல்லி, அக்கா அதை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

"குழு முடிவு பண்ற வரைக்கும் நாம எல்லாருமா சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று தங்கையிடம் சொன்னாள். மறுநாள் காலையில் தாய் பிள்ளையை விட்டுப் போனதும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

பிள்ளை சரியான வாலு. நூல்கண்டை உருட்டியது, பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தது, ஒரு பொத்தானை வாயில் போட்டுத் தங்கையின் உயிரைப் பாதியாக்கியது. தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்தது. வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா செய்வது நியாயம்தான். அந்த நியாயத்தில் தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதுதான் தங்கைக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே அக்கா ஃபோனில் யாரிடமோ, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னாள். அவள் ஃபோனை வைத்ததும், தங்கை தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எல்லாரும்னா யாரு யாரு, அக்கா?"

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. பிறகு சிரித்தாள்.

"மாட்டிக்கிட்டேன்டி."

"சிரிக்காதக்கா. நாளைக்கு நாலு சட்டை குடுத்தாகணும்."

மறுநாள் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே முதல்வர் அறைக்குப் போனாள். குழு கூடும் வரை எல்லோரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம், இன்று உங்கள் முறை என்று சொல்லி, அவர் மேசைமேல் உட்கார வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். பிள்ளை அவருடைய ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மேசை முழுக்கக் குத்தித் தள்ளியதாகக் கேள்வி. தாய்க்காரி அன்று அந்த அறை வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாளாம்.

அந்த வாரமே குழு கூடியது. விதியில் 'ஊழியர்கள்' போய், 'கல்லூரியில் வேலை செய்பவர்கள்' வந்தது.

இப்போது பிள்ளை காப்பகத்துக்குப் போகிறது. தாய் வேலையில் இருக்கிறாள். கேன்டீன்காரர்கள் கல்லூரியில் வேலை செய்பவர்களா என்பது இன்னும் இழுபறியில் கிடக்கிறது. அக்காவுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தங்கைக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ராத்திரிச் சமையல் அக்காவுடைய முறை. உப்புதான் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது.