சாயத்தின் குற்றமில்லை

பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ஆறுச்சாமி டெக்னீஷியனாக இருந்தார். ஊர் கொழிஞ்சாம்பாறை. நோயாளியிடமிருந்து எடுத்த கட்டியை, கெடாமலிருக்கப் பார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவார். பதினோரு வருஷ வேலை. அதில் யாராவது குற்றம் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

1974இல் சந்தையில் கடலைக் கடை வைத்திருந்த குப்பண்ணன் என்பவரின் கழுத்துக் கட்டி வந்தது. கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் சுந்தரேசன் முகம் சுளித்தார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், கோபம் மூக்கின் மேல் இருக்கும்.

"புற்றுநோய்தான். ஆனா நடுநடுவிலே அழுகின செல்லா இருக்கே. பார்மலின்ல போட நேரமாக்கினியாக்கும்?"

"இல்லீங்க டாக்டர். அழுகுனா எல்லாந்தானுங்களே அழுகோணும்? பக்கத்துச் செல்லெல்லாம் நல்லா இருக்குதுங்க."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

மறுபடி சீவினார். அதேதான். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செல்கள் சுருங்கி, உட்கரு மிளகுபோல் நொறுங்கிக் கிடந்தன. மூன்றாம் முறை பழி சாயத்தின்மேல் விழுந்தது. விடுப்புப் போட்டுக் கோயம்புத்தூர் போய்ப் புதுச் சாயம் வாங்கி வந்தார். அப்போதும் அதே செல்கள். வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

குப்பண்ணனுக்கு ஊசி மருந்து போட்டார்கள். கட்டி பாதியாக வற்றியது. மறுபடி ஒரு துண்டு எடுத்த அன்று, ஆறுச்சாமி பார்மலின் பாட்டிலோடு அறுவை அறை வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார். இந்த முறை நொறுங்கிய செல்கள் கண்ணாடி முழுக்க இருந்தன.

"போறும்! முன்னைவிட மோசமாப் பண்ணியிருக்கே!" என்று கத்தினார் சுந்தரேசன்.

சத்தம் கேட்டு வந்தவர், அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த டாக்டர் பாகீரதி. குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் அறையிலிருந்து இரண்டு வருஷம் முந்திய வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். படத்தில் அதே மிளகுப் பொடி.

"சாயம் சரியாத்தான் இருக்கு சார். இந்தச் செல்லெல்லாம் தன்னைத் தானே முடிச்சுண்டிருக்கு. மருந்து பட்டதும் இன்னும் நிறைய."

"தானாச் சாவுறதுக்கு உள்ளே ஏதாச்சும் இருக்கோணுமுங்களே?" என்றார் ஆறுச்சாமி.

"இருக்கணும். தலைப்பிரட்டை தவளையாகறப்போ வால் கரையறதும் செல்கள் சாகறதாலேதான். புதுப் புரதம் உண்டாகாமத் தடுத்துட்டா அந்த வால் கரையறதில்லையாம். சாகச் சொல்றதும் ஏதோ புரதமா இருக்கலாம். எதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

சுந்தரேசன் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் அறிக்கையில் 'தனித்தனியே மடியும் செல்கள்' என்று ஒரு வரி சேர்ந்தது. ஆறுச்சாமிக்கு அதுவே பெரிதாக இருந்தது.

எட்டு மாதத்தில் குப்பண்ணனின் கட்டி திரும்ப வந்தது. அதே மருந்தைக் கொடுத்தும் வற்றவில்லை. கண்ணாடியில் நொறுங்கிய செல் தேடித்தான் கிடைத்தது.

"ஏனுங்க, அதே மருந்துக்கு இப்ப மட்டும் ஏன் சாவ மாட்டீங்குது?"

"தெரியலை, ஆறுச்சாமி" என்றார் பாகீரதி.

"தெரியலைன்னே எத்தன நாளைக்குங்க சொல்லுவீங்க?"

பாகீரதி அந்தக் கண்ணாடியையே திரும்ப வைத்துக் குனிந்து பார்த்தார். ஐப்பசியில் குப்பண்ணன் இறந்துபோனார். ஆறுச்சாமி சந்தையில் அந்தக் கடலைக் கடை இருந்த பக்கம் போவதையே விட்டுவிட்டார்.