புளியமரம் வரை ஓடினேன்

1997-ல், ஆயுத பூசைக்கு மறுநாள் நடந்தது இது. காய்ச்சலில் துவண்டு கிடந்த மூன்று வயது மகளையும் மனைவியையும் என் பழைய அம்பாசிடரின் பின்சீட்டில் ஏற்றி, வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது.

வண்டியை ஓரங்கட்டி, இறங்கி ஓடினேன். ஓட்டமென்றால் அப்படி ஓட்டம். என் தொந்தியே பின்தங்கிவிட்டது. புளியமரத்துக்குப் பின்னால் நின்று, “வெடிக்கப் போகுது, இறங்கு!” என்று கத்தினேன். அப்புறம்தான் உறைத்தது. பின்கதவுகளை உள்ளேயிருந்து திறக்க முடியாது. கைப்பிடிகள் உடைந்து மாதக்கணக்காகிறது. மனைவி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் கால் நகரவில்லை.

மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து மகளைத் தூக்கினார். பிறகு வண்டியின் முன்பக்கம் குனிந்து பார்த்தார். பூசைக்கு நான் கட்டிய மாலைகளும் வாழையிலையும் கிரில்லை முழுக்க மூடியிருந்தன.

“ஏண்ணே, காத்துப் போற வழிய இம்புட்டு அடைச்சா கொதிக்காம என்ன செய்யும்? எங்க மில்லுல பஞ்சு அடைச்சா மோட்டாரும் இப்படித்தான். மரத்த விட்டுட்டு வாங்க, ஒண்ணும் வெடிக்காது.”

மனைவியையும் மகளையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் அவர்தான். மகள் தேறிவிட்டாள்.

விசேஷ வீடுகளில் இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். அந்தக் கதையில் கதவைத் திறப்பவன் நான். அந்த இடம் வந்ததும் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் என்னைத் திருத்தியதில்லை.