பலகை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது

வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்தபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். தெருமுனை வரை போயும் சந்தேகம் தீராமல் மறுபடி வருவார். அதனால் கம்பெனியில் அவர் பெயர் 'பூட்டு சார்'. பெயர் வைத்த புண்ணியவதி அவர் மனைவியேதான். கீழ்த்தளத்தில் மின்னணுப் பலகைகளில் ஈயம் உருக்கிச் சால்டரிங் வைப்பவள் அவள். அந்தப் பலகைகள் சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கும் 'டிரைவர்' மென்பொருளை மாடியில் உட்கார்ந்து எழுதுபவர் அவர். எது கெட்டாலும் "உன் பக்கம்", "உங்க பக்கம்" என்று சாப்பாட்டுத் தட்டு வரை சண்டை நீளும்.

இந்த முறை அவள் சண்டைக்கே வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒரு மருத்துவமனை வார்டில் இவர்கள் பொருத்திக் கொடுத்த அழைப்புமணிப் பெட்டி திடீர் திடீரென்று ஊமையாகிவிடுகிறது. நோயாளி கட்டிலோரப் பொத்தானை அழுத்துவார். நர்ஸ் மேசையில் மணி அடிக்காது. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மேனேஜர் முடிவே கட்டிவிட்டார்: "பலகைதான் சொத்தை. கீழ்ப் பிரிவை மூடிட்டு வெளியில வாங்கிக்கலாம்."

காலையில் கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் வச்ச சால்டர் விடாதுங்க." அவள் கெஞ்சி அவர் கேட்டதே இல்லை.

வார்டில் பெட்டியோடு லேப்டாப்பை இணைத்துவிட்டு உட்கார்ந்தார். மேனேஜர் பக்கத்தில் கைகட்டி நின்றார். தலைமை நர்ஸ் வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார். உங்க மணியை நம்பி நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஏழாம் கட்டில் தாத்தா டம்ளரால கட்டில் கம்பியைத் தட்டுறார். உங்க பெட்டிக்கு அது எவ்வளவோ தேவலை."

அந்த நேரம் பார்த்து நடைபாதையில் தரை தேய்க்கும் மிஷின் உறுமியது. பூட்டு சார் பொத்தானை அழுத்தினார். மணி இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். "மிஷின் போட்டா லைன்ல இரைச்சல். அதைக்கூடத் தாங்காத பலகை."

பூட்டு சார் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினால், பெட்டியின் மூளையான பிராசஸரின் தோளைப் பலகை தட்டும். அந்தத் தட்டல்தான் இன்டரப்ட். ஒன்றைக் கவனிக்கும்போது இன்னொன்று வந்து குழப்பக்கூடாது என்று டிரைவர் அந்த வழியைக் கொஞ்ச நேரம் அடைத்துவைக்கும். எந்தக் கட்டில் என்று பார்த்து, மணியை அடித்துவிட்டு, வழியைத் திறந்துவிடும். இப்போது திரையில் தட்டல் தெரிகிறது. பலகை கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வழிதான் அடைந்து கிடக்கிறது.

தான் எழுதிய நிரலைத் திறந்தார். மிஷின் இரைச்சலில் பொய்யாக ஒரு தட்டல் வருகிறது. டிரைவர் வழியை அடைக்கிறது. பார்த்தால் எந்தப் பொத்தானும் அழுத்தப்படவில்லை. சரி, ஒன்றுமில்லை என்று அப்படியே திரும்பிவிடுகிறது. அடைத்ததைத் திறக்காமலே!

"அய்யோ, நான்தான்!" என்று கத்திவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"எது நீங்க?"

"தப்பு என்னோடது சார். பொய்த் தட்டல் எந்தப் பலகையிலயும் எப்பவாவது வரும். அதைச் சமாளிக்க வேண்டியது டிரைவர்."

"இதுக்கா இப்படிப் பல்லைக் காட்டுறீங்க?"

திரும்புமுன் வழியைத் திறந்துவிடச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்துப் பெட்டியில் ஏற்றினார். மிஷின் உறுமிக்கொண்டே இருக்க, பொத்தானை அழுத்தினார். மணி அடித்தது. திரும்பத் திரும்ப அழுத்தினார், அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

"கீழ்ப் பிரிவு இருக்கட்டும். உங்களை மூடலாமான்னு யோசிக்கிறேன்."

நடைபாதைக்கு ஓடிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். "ஏம்மா, என் பக்கம்!"

"எனக்காகச் சொல்றீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. அடைச்சேன், திறக்க மறந்துட்டேன்."

மூச்சை விடும் சத்தம் கேட்டது. அதன்பின் அவள் பழைய குரல் வந்தது. "பூட்டினோமான்னு மூணு தடவை ஓடி வந்து பாக்கிற மனுஷன், திறந்தோமான்னு ஒரு தடவை பாக்கக் கூடாதா? வாங்க வீட்டுக்கு, இருக்கு உங்களுக்கு!" பின்னால் கீழ்ப் பிரிவே கொல்லென்று சிரித்தது.

அவர் சுவரில் சாய்ந்து சுகமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். வார்டுக்குள் மணி அடித்தது. உடனே மறுபடியும் அடித்தது.

"ஏழாம் கட்டிலு," என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார் நர்ஸ். "தாத்தாவுக்கு டம்ளரே இருந்திருக்கலாம்."