மழை பெய்யாத கண்ணாடித் தொட்டி

2003ஆம் ஆண்டு வைகாசி மாதம். போர்நிறுத்தம் வந்து வன்னிக்குப் பாதை திறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. வவுனியாவிலிருந்து நானும் என் தங்கச்சியும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போயிருந்தோம். மறுநாள் காலை முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு மீனவர், வலையில் சிக்கிய குப்பைகளைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார். அதில் ஒரு கல். கல்லின் மேல் நீலமும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் காளான்கள் போல ஏதோ ஒட்டியிருந்தன. ஒன்றைத் தொட்டேன், சட்டென்று சுருங்கியது. எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

எறியத்தானே போகிறீர்கள், எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டோம். அவர் கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி தந்தார். கடல் தண்ணீரும் ஒரு கலனில் நிரப்பித் தந்தார். திரும்பும் வழியில் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் அதைப் பெற்றோல் என்று சந்தேகித்து, என்னை ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொன்னார்கள். நான் முகத்தைச் சுளித்த விதத்தில் குடிக்கச் சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கும் தங்கச்சிக்கும் அடுத்தடுத்த வீடு. இரண்டு வீட்டிலும் கண்ணாடித் தொட்டி வைத்தோம். அது பவள இனம் என்று பிறகுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்த மீனவர் கிழமைக்கு ஒருமுறை வவுனியாவுக்கு வரும் மீன் லொறியில் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு கலன் கடல் தண்ணீர் அனுப்புவார். ஒரு சதமும் வாங்கவில்லை. வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணீரில்தான் விளக்கெரிப்பார்கள். அப்படிப்பட்ட தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை. தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் கடல் தண்ணீரையே ஊற்றினேன்.

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். சும்மா இருப்பேனா? அடிமட்டத்தைக் கண்ணாடியில் வைத்து அளந்து கொப்பியில் எழுதினேன். மூன்று மாதத்தில் என் காளான்கள் இரண்டு ரூபாய்க் குத்திக் காசு அளவிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டன. நீலம் போய் மண் நிறம். சில வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. தங்கச்சி வீட்டிலோ ஒவ்வொன்றும் அகலமாக விரிந்து, பக்கத்தில் மூன்று குஞ்சுகளும் முளைத்திருந்தன. அவள் தொட்டியை எட்டிப் பார்ப்பதே அருமை.

ஒரே கல், ஒரே கடல், ஒரே பக்க யன்னல். பிறகு ஏன் இப்படி? வெளிச்சம் கூடவோ என்று சீலையால் மூடிப் பார்த்தேன். தொட்டியை இடம் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஆத்திரத்தில், அந்த மீனவர் நல்ல பாதியை அவளுக்கும் நோய்ப் பாதியை எனக்கும் தந்து ஏமாற்றிவிட்டார் என்று லொறிக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த லொறியில் மீனவரே வந்து இறங்கினார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"கல்லை உடைக்கேக்க எந்தப் பக்கம் நல்லதெண்டு நான் பாக்கேல்லை" என்றார். அவ்வளவுதான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். என்னையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஓமந்தையில் குடித்த மிடறு எனக்கு மறக்கவில்லை. இது அதைவிட மோசம், கசந்தது. பிறகு என் தங்கச்சியைக் கூப்பிட்டு, நீங்கள் என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டார்.

"குறைஞ்சால் கிணத்துத் தண்ணிதான் விடுறனான். லொறி வருமட்டும் ஆர் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்றாள் அவள். அவளுக்கு வந்த கலன்கள் பாதிக்கு மேல் திறக்காமலே குசினிக்குப் பின்னால் கிடந்தன.

அவர் சிரித்துவிட்டு, தங்கள் ஊர்க் கடலேரியின் கதையைச் சொன்னார். "கோடையில நந்திக்கடல் வத்தினால் உப்புக் கூடி மீன் செத்து மிதக்கும். மழை பெஞ்சாத்தான் திரும்ப உயிர் வரும். உங்கட தொட்டிக்கு ஒருநாளும் மழை பெய்யேல்லையே."

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். நான் உப்பின் மேல் உப்பை ஊற்றி, அதை அளந்து வேறு எழுதியிருக்கிறேன். வெட்கத்தோடு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், ஒரு நாளைக்கு ஒரு செம்பு பழைய தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் விடுங்கள், அவசரப்படாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார். தேநீர் குடித்துவிட்டு லொறியில் ஏறிப் போனார்.

என் ஏழு காளான்களில் இரண்டுதான் திரும்ப விரிந்தன. ஆனால் அடுத்த கிழமையும் லொறியில் என் பேருக்கு ஒரு கலன் வந்தது. 2006இல் மறுபடி சண்டை மூண்டு பாதை மூடும் வரை வந்துகொண்டே இருந்தது.

அதன்பின் அவர் எங்கே இருக்கிறார் என்று எவ்வளவோ பேரிடம் விசாரித்தும் அறிய முடியவில்லை. யாரையாவது குறை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அந்தத் தொட்டியின் உப்பு இன்றைக்கும் என் நாக்கில் கரிக்கிறது.