ரப்பர் ஷீட்டில் ஓர் இலை

யட்டியாந்தோட்டைக்குச் சற்று முன்னால் எங்கள் பஸ் பழுதாகி நிற்கிறது. சாலையோரக் கொட்டகையில் ஓர் அக்கா, உறைந்த ரப்பர் பாலை மிஷினில் கொடுத்து ஷீட்டாக உருட்டுகிறார். கடைசி ஷீட்டின்மேல் ரப்பர் இலையொன்றை வைத்து உருட்டி, இலையை உரித்தெடுக்கிறார். நரம்பு நரம்பாக அது பதிந்திருக்கிறது.

என் கேமராவைக் கண்டதும் கூப்பிடுகிறார்.

“தம்பி, சட்டுனு ஒரு போட்டோ புடிங்க. பொகை போட்டுக் காயவச்சா இது கறுத்துரும். கங்காணி பாத்தாருன்னா நான் கறுத்துருவேன்.”

“நீங்களும் நில்லுங்க அக்கா.”

“இந்த அழுக்குச் சட்டையோடயா? எல மட்டும் போதும்.”

வெயிலுக்கு முதுகைக் காட்டி, ஷீட்டைத் தூக்கிப் பிடித்து அதன் பின்னே ஒளிந்துகொள்கிறார். பால்வெள்ளையில் ஒளி ஊறுகிறது. கங்காணி வருகிறாரா என்று அவர் திரும்பிப் பார்க்க, முகத்தின் நிழல் இலையின் நடுவே மிதந்து வருகிறது. கேமராவின் பொத்தானை அழுத்திவிடுகிறேன்.

“படத்துல எல விழுந்துச்சா தம்பி?”

“விழுந்துச்சு அக்கா. சட்டை மட்டும் விழல.”