கோப்பாய்க் கிணற்றுக்குப் போட்ட குளோரின்

சுகாதாரக் கந்தோரில் இருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் நான் இன்றைக்கும் கதிரை கொடுப்பதில்லை. நின்றுகொண்டு கேட்கட்டும், நின்றுகொண்டு எழுதட்டும். என் மூத்த மருமகளுக்கு இது பிடிப்பதில்லை. "மாமி, அவையள் எங்கடை நன்மைக்குத்தானே வருகினம்" என்று ஒருமுறை சொன்னாள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கதிரை கொடுத்து, தேநீர் கொடுத்து, வாயையும் திறந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கோப்பாயில் பிறந்த நான் நீர்வேலிக்குக் கலியாணம் முடித்துப் போய் இரண்டு வருடம். என் கணவருக்கு வாழைத்தோட்டம். மாமன் மாமி இருவரும் காலமாகிவிட்டார்கள். வீட்டில் அவரும் நானும் அவருடைய தங்கச்சியும்தான். அவள் எனக்கு மச்சாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி எங்கள் வளவுக்குள், பாதி பின்வீட்டு வளவுக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் கிடுகு வேலி கிணற்றுக் கட்டு வரைக்கும் வந்து நின்றுவிடும். பின்வீட்டில் ஒரு அக்கா, அவளுடைய புருஷன், மூன்று பிள்ளைகள். அக்கா அந்தப் பக்கம் நின்று தண்ணீர் அள்ளுவாள், நான் இந்தப் பக்கம் நின்று அள்ளுவேன். ஊர்க்கதை முழுவதும் அந்தக் கட்டுக்கு மேலால் போய் வரும்.

அந்த மாரியில் கொலரா வந்தது. வேறு நாடுகளில் பரவுகிறது என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தது ஒருநாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. கணவருக்கு விடியற்காலையில் வயிற்றோட்டம் தொடங்கியது. மத்தியானத்துக்குள் ஆளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபடியால் பிழைத்தார். அவர் அங்கே சேலைனோடு கிடந்தபோது சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல வெள்ளைச் சேட்டு, கையில் தடித்த புத்தகம். இருந்த கதிரைகளில் நல்லதை எடுத்துத் துடைத்துப் போட்டேன்.

"அஞ்சு நாளுக்குள்ளை அவர் எங்கையெங்கை போனவர், தங்கச்சி?"

நான் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள். அரசாங்கத்தின் புத்தகத்தில் ஒன்றும் பிழையாக ஏறிவிடக் கூடாது என்று எனக்கு அவரைவிடக் கவலை. சந்தைக்குப் போனது, தலைமயிர் வெட்டப் போனது, மச்சாளின் கலியாணம் பேச உடுப்பிட்டியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். "அங்கை சாப்பிடேல்லை. தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சவர்" என்றும் சேர்த்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் பெயரை எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன். கிணறு யாருக்கு யாருக்குப் பங்கு என்று கேட்டார். பின்வீட்டுக்காரரின் பெயரையும் கொடுத்தேன். எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் புத்தி வந்தது.

"இந்தப் பேருகள் வெளியிலை போகாதே?"

"சீச்சீ. உது எங்கடை கந்தோர் அலுமாரியைத் தாண்டாது. உங்களை மாதிரிப் படிச்ச ஆக்கள் உண்மையைச் சொன்னால்தான் தங்கச்சி நாங்கள் சனத்தைக் காப்பாத்தலாம்."

படிச்ச ஆக்கள் என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் உச்சி குளிர்ந்து போனேன். அதை நினைக்க எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்றைக்கே எங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். ஒரு கிழமை தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் மணந்தது. அது சரியான வேலை, அதை நான் குறை சொல்லமாட்டேன். பின்வீட்டு அக்காவும் குறை சொல்லவில்லை. தேத்தண்ணி மருந்து மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள்.

ஐந்தாம் நாள் சீனி வாங்கச் சங்கக்கடைக்குப் போனேன். சீனிக்கு வரிசை நிற்கிற காலம். ஊர் முழுவதும் அந்தச் சுவரோடு சாய்ந்து நின்றது. சுவரில் ரோணியோ மெசினில் பிரதி அடித்த ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேலே, கொலராத் தொடர்புள்ள வீடுகள் என்று தலைப்பு. முதலாவது பெயர் என் கணவருடையது. இரண்டாவது பின்வீட்டு அக்காவின் புருஷனுடையது. மூன்றாவது உடுப்பிட்டி மாப்பிள்ளையின் தகப்பன் பெயர், நான் எழுத்துக்கூட்டிக் கொடுத்தபடியே, ஒரு எழுத்தும் பிசகாமல். யார் நோயாளி, யார் தேத்தண்ணி கொடுத்த பாவத்துக்கு அகப்பட்டவர் என்று அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே காகிதம் பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் உடுப்பிட்டியிலும் ஒட்டப்பட்டிருந்தது என்று பிறகு அறிந்தேன்.

சீனி வாங்காமல் நேரே கந்தோருக்குப் போனேன். பரிசோதகர் மேசைக்குப் பின்னால் இருந்தார். எனக்கு யாரும் கதிரை தரவில்லை.

"அலுமாரியைத் தாண்டாது எண்டு சொன்னனீங்கள்" என்றேன்.

"நான் ரிப்போட் எழுதி மேலை அனுப்பினன், தங்கச்சி. அவை கிராமச் சபைக்குக் குடுத்திட்டினம். ரிப்போட்டை ஆருக்குக் குடுக்கிறது எண்டது என்ரை வேலை இல்லை."

"என்னட்டைச் சத்தியம் பண்ணினது நீங்கள்தானே."

"பொதுசன நன்மையையும் பாக்கத்தானே வேணும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனையை மூடித் திறந்து மூடினார். அவரைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அந்தக் கிழமையே மச்சாளின் சாதகக் குறிப்பு உடுப்பிட்டியில் இருந்து திரும்பி வந்தது. ஒரு மண்ணிறக் கடித உறைக்குள், கடிதம் எதுவும் இல்லாமல், பஸ் கொண்டக்டரின் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தேத்தண்ணி கொடுத்த வீட்டுக்கு ஊர் முன்னால் நாங்கள் கொடுத்த மரியாதைக்கு அதுவே பெரிது. மச்சாள் உறையை வாங்கி ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தாள். "உங்களை ஆர் மச்சாள் கேட்டது?" என்றாள். பிறகு பல நாள் என்னோடு கதைக்கவில்லை.

அக்காவின் புருஷன், பின்வீட்டு அண்ணை, சந்தைக்குக் கொண்டுபோன வாழைக்குலைகளை ஒருவரும் தொடவில்லை. கொண்டுபோன கதலி முழுவதும் வண்டிலில் திரும்பி வந்து மாட்டுக்குப் போனது. அக்கா கிணற்றடிக்கு வந்தாள்.

"கேட்டவுடனை எல்லாத்தையும் சொல்லுறதோ? உன்ரை வாய்க்கு ஒரு பூட்டு இல்லையோ?"

அதற்குப் பிறகு நான் கிணற்றடியில் நின்றால் அவள் வாளியோடு திரும்பிப் போய்விடுவாள்.

ஒரு மாதம் கழிய, தென்மராட்சிப் பக்கம் இருந்து மச்சாளுக்கு வேறொரு சம்பந்தம் வந்தது. அந்தக் காகிதம் அவ்வளவு தூரம் போகவில்லை. புதன்கிழமை பெண்பார்க்க வருவதாக இருந்தார்கள். மச்சாள் என்னோடு கதைக்கத் தொடங்கினாள். சேலை எது நல்லது என்று கேட்டாள். இந்த முறை எதுவும் வெளியே போகக்கூடாது என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் அவளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது.

கஞ்சித்தண்ணி மாதிரிப் போனது. கணவருக்குப் போனதை நான் பார்த்தவள், எனக்குத் தெரியாதா? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சாள், சொல்லிப்போடாதேங்கோ. செத்தாலும் பரவாயில்லை, சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். மத்தியானம் வரைக்கும் உப்புப் போட்ட கஞ்சியும் தேசிக்காய்த் தண்ணியும் கொடுத்துப் பார்த்தோம். கண் குழிவிழுந்து குரல் அடைத்த பிறகு அவரும் நானும் பொறுக்கவில்லை. வயிற்றுக்குத்து என்று கார்க்காரனுக்குச் சொல்லி ஏற்றிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் எழுதுகிறவர் விலாசம் கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். மெதுவாக, "இஞ்சாரும், நீரே சொல்லும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. கோப்பாயில் என் தகப்பன் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். ஐயா செத்தபிறகு பூட்டிக் கிடந்த வீடு. அம்மா கொழும்பில் என் அண்ணையோடு இருந்தார். எழுதுகிறவர் அப்படியே எழுதிக்கொண்டார். இந்த முறையும் எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன்.

மச்சாள் பிழைத்தாள். கோப்பாயில் என் பெரியம்மா வீட்டில் நிற்கிறாள் என்று ஊருக்குச் சொன்னோம். பெண்பார்க்க வருகிறவர்களை இரண்டு கிழமை தள்ளி வரச் சொன்னோம். மூன்றாம் நாள் பெரியம்மாவின் மகள் வந்து ஒரு புதினம் சொன்னாள். சுகாதாரக்காரர் வந்து எங்கள் ஐயா வீட்டுப் படலையின் பூட்டை உடைத்து, வெற்று வளவுக்குள் போய், ஒருவரும் குடிக்காத கிணற்றுக்கு ஒரு வாளி குளோரின் போட்டிருக்கிறார்கள். இந்த வீட்டில் ஆட்களே இல்லை என்று அயலட்டை சொல்லச் சொல்ல, பொய் சொல்லி நோயாளியை ஒளிக்கிறீர்கள் என்று அவர்களை ஏசிவிட்டும் போயிருக்கிறார்கள்.

அன்றைக்கு அவரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. அலுமாரிக்குள் இருக்கிற அவர்களுடைய புத்தகத்தில் பொய்யை ஏற்றிவிட்டோம் என்ற புளுகம், அப்படி ஒரு சந்தோஷம்.

மச்சாளின் சீலைகளையும் விரிப்புகளையும் நான் எங்கள் கிணற்றடிக் கல்லில்தான் துவைத்தேன். வேறு எங்கே துவைப்பது? மாரிக் கிணறு கட்டு வரைக்கும் நிறைந்து நின்றது. துவைத்த தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும் என்றும் தெரியும். போட்டால் மணக்கும், மணந்தால் பின்வீட்டுக்குத் தெரியும், பின்வீட்டுக்குத் தெரிந்தால் தென்மராட்சிக்குத் தெரியும். தண்ணியைக் கொதிக்க வையுங்கோ அக்கா என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவள் வாளியோடு நின்றபோது அந்த வசனம் என் வாய்க்குள் இருந்தது. ஏன் என்று கேட்பாளே என்று விழுங்கிவிட்டேன்.

பிறகு இரண்டு நாள் அவள் கிணற்றடிக்கு வரவில்லை. அண்ணைதான் வந்து அள்ளினார். மழைக்குள்ளும் அவர்கள் கொடியில் விரிப்புகள் கிடந்து நனைந்தன. நான் கண்டேன். கண்டதைக் கேட்டால் உளவு பார்க்கிறேன் என்று சொல்வாள் என்று பேசாமல் இருந்தேன். அடுத்த நாள் பின்வீட்டில் இருந்து அழுகைச் சத்தம் வந்தது.

அக்காவை, நெஞ்சுவலி என்று சொல்லி, அன்றைக்கே எரித்துவிட்டார்கள். சாவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் நான்தான் சமைத்து, கொதித்தாறிய தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தண்ணீர் கொண்டுபோனேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

யாரோ சொல்லிப் பரிசோதகர் வந்தார். என் முற்றத்தில் நின்றார். கதிரை கொடுக்காமல் விட்டது அன்றுதான் முதல் தடவை. வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணை நின்றது கிடுகுக்குள்ளால் தெரிந்தது.

"பின்வீட்டிலை வயித்தோட்டம் ஏதும் இருந்ததோ?"

"இல்லை."

"வடிவாத் தெரியுமோ? போன முறை நீங்கள் எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னனீங்கள்."

"ஓம். போன முறை சொன்னனான்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். கிணற்றுக்கு ஒன்றும் போடவில்லை. நான் சொன்ன பொய்யால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் நேராமல் போனது என் புண்ணியம் இல்லை. மச்சாளுக்குத் தென்மராட்சிச் சம்பந்தமே சரிவந்தது. பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டாள். அக்கா எதனால் செத்தாள் என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குச் சமையல் நான்தான். சாப்பாடு பரிமாறும் நேரம் அண்ணை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அவளுக்கு வயித்தோட்டம்தான், தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் எண்டு நான் சொன்னனான். விடேல்லை. உனக்குத் தெரிஞ்சால் நீ எழுதிக் குடுத்துப்போடுவாய் எண்டு பயம். கடைசிமட்டும் அவளுக்கு உன்ரை பயம்தான்."

கையில் இருந்த அகப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

"அண்டைக்கு அவர் கேக்கேக்கை நான் வேலியடியிலை நிண்டனான். நீ சொல்லேல்லை. அவள் உன்னைப் பிழையா விளங்கிப்போட்டாள். நீ வெளியிலை சொல்லுற ஆள் இல்லை, தங்கச்சி."

ஓம் என்று தலையாட்டினேன். பிறகு உள்ளே போய் அவருடைய பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன்.